கரண்ட் பில்லில் கரண்ட் இல்லை: ஒரு கீசர் கணக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் எங்கள் மாடிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் இயற்பியல் நோட்டோடு வருவார்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி: கேள்வியைப் பாதி படிக்கும்போதே சூத்திரம் தேடுவது. அதற்கு நான் கொடுக்கும் மருந்து இந்தக் கணக்கு.

15 லிட்டர் கீசர், 2000 வாட். ஜனவரிக் காலை, தண்ணீர் 20 டிகிரி. 50 டிகிரிக்கு வர எவ்வளவு நேரம்? பில்லில் எவ்வளவு ஏறும்?

முதலில் எண்களை அலகோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். 15 லிட்டர் தண்ணீர் என்றால் நிறை 15 கிலோ. 2000 வாட் என்பது திறன், அதாவது நொடிக்கு 2000 ஜூல். வெப்பநிலை ஏறுவது 30 டிகிரி. 50 என்று போட்டுச் சறுக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து, எது எதுவாக மாறுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மின்னாற்றல் வெப்பமாகிறது. போதும்.

இப்போதுதான் சூத்திரம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4200 ஜூல் வேண்டும். 15 × 4200 × 30 = 18,90,000 ஜூல். இதை 2000-ஆல் வகுத்தால் 945 நொடி, கிட்டத்தட்ட 16 நிமிடம். தொட்டி வழியாக வெளியே போகும் வெப்பத்தை நாம் கணக்கில் எடுக்கவில்லை. நிஜத்தில் கொஞ்சம் கூடவே ஆகும்.

இனி பில். நாம் வாய்நிறைய ‘கரண்ட் பில்’ என்கிறோம், ஆனால் மீட்டர் அளப்பது ஆற்றலை. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்: 1000 × 3600 = 36 லட்சம் ஜூல். நம் கீசருக்கு 18.9 ÷ 36, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

அப்படியானால் கரண்ட் எங்கே? திறனை மின்னழுத்தத்தால் வகுங்கள்: 2000 ÷ 230 = சுமார் 8.7 ஆம்பியர். கீசருக்கு 6 ஆம்பியர் சாக்கெட் ஏன் ஆகாது, 16 ஆம்பியரின் பெரிய சாக்கெட் ஏன் வேண்டும் என்பதற்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

உந்தக் கணக்குக்கும் இதே வரிசைதான். உந்தம் என்றால் நிறை × திசைவேகம்; மோதலுக்கு முன்னும் பின்னும் அதன் மொத்தம் மாறாது. கேரம் பலகையில் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய், சும்மா நிற்கும் 5 கிராம் காயை நேராக அடிக்கிறது. அதன் பிறகு ஸ்ட்ரைக்கரின் வேகம் 1 மீட்டர். காயின் வேகம்? முன்னால் 15 × 2 = 30. பின்னால் ஸ்ட்ரைக்கரிடம் 15; மீதி 15 காய்க்கு. ஐந்தால் வகுத்தால் 3 மீட்டர்.

போன வாரம் ஒரு பொடியன், “ஸ்ட்ரைக்கர் அப்படியே நின்னுட்டா காய் 6 மீட்டர்ல போகுமா அங்கிள்?” என்றான். உந்தம் சரியாகத்தான் வருகிறது. இயக்க ஆற்றலையும் (½ × நிறை × வேகம் × வேகம்) போடச் சொன்னேன், கிராமைக் கிலோவாக்கி. மோதலுக்கு முன் 0.03 ஜூல், பின் 0.09. “மூணு மடங்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று அவனே தலையைச் சொறிந்துகொண்டு தன் விடையைக் கோடு போட்டு அடித்தான்.