வயர் கட் இயந்திரத்தில் முதல் வேலை: மாங்காய் டையும் அதன் பன்ச்சும்

அட்டியலுக்கும் பதக்கத்துக்கும் மாங்காய் வடிவத் தகடு வெட்டும் டை ஒன்றைச் செய்வோம். டை என்பது அந்த வடிவத்தில் துளையுள்ள உருக்கு அச்சு; அந்தத் துளைக்குள் இறங்கித் தகட்டை வெட்டும் கட்டைதான் பன்ச். 0.5 மி.மீ. பித்தளைத் தகட்டை வைத்து ஒருமுறை அழுத்தினால் மாங்காய் கீழே விழவேண்டும்; ஓரத்தில் பிசிறு நிற்கக்கூடாது. அதற்கு டையின் துளைக்கும் பன்ச்சுக்கும் நடுவே, வளைவு முழுவதும், பக்கத்துக்கு 0.025 மி.மீ. இடைவெளி சீராக இருக்கவேண்டும். தகட்டின் தடிப்பில் 5 வீதம் என்பது பித்தளைக்குப் பொதுவாக எடுக்கும் கணக்கு.

அரத்தையும் கண்ணையும் நம்பியே இந்த அளவை நெருங்கிவிடும் பொற்கொல்லர்களை யாழ்ப்பாணம் நன்றாக அறியும். ஆனால் ஆயிரக்கணக்கில் தகடு வெட்டவேண்டிய டை கடினமாக்கிய உருக்கில் இருக்கவேண்டும். அந்த உருக்கில் அரம் ஏறாது, வழுக்கும். அங்கேதான் மெல்லிய வயரையும் மின்பொறியையும் கொண்டு உலோகத்தை வெட்டும் வயர் கட் வருகிறது. 0.005 மி.மீ. பிழைக்குள் வெட்டுவது அதற்கு அன்றாட வேலை. நல்ல இயந்திரமும் பொறுமையும் சேர்ந்தால் 0.002 மி.மீ. வரை இறங்கலாம்.

வெட்டுவது எது?

வயர் உருக்கைத் தொடுவதே இல்லை. 0.25 மி.மீ. பித்தளை வயருக்கும் வேலைக்கும் (வெட்டப்படும் உருக்குக்கும்) நடுவே மிகச் சிறிய இடைவெளி, அதில் தண்ணீர். இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் ஏறும்போது தண்ணீரின் தடை ஓரிடத்தில் உடைந்து பொறி பாய்கிறது. மைக்கிரோ செக்கன் கணக்கில் மட்டுமே நிற்கும் அந்தப் பொறியின் வெப்பநிலை பல்லாயிரம் பாகை. அது பட்ட இடத்தில் ஊசிமுனையைவிடச் சிறிய குழி உருகித் தெறிக்கிறது, தண்ணீர் அந்தத் துகளைக் கழுவிக்கொண்டு போகிறது. அடுத்த பொறி வேறிடத்தில். வயரும் தேய்கிறது, ஆகவே தேய்ந்த துண்டு திரும்ப வேலைக்கு வராதபடி, உருளையிலிருந்து நிமிடத்துக்கு 10 மீற்றர் அளவில் புது வயர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஐந்து கிலோ உருளை ஒன்றில் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் வயர் உண்டு. யாழ் நகரில் அவிழ்க்கத் தொடங்கினால் சுன்னாகம் தாண்டிப் போகும் நீளம் அது. வெட்டும்போது இருபது மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைத் திருத்தியவர்களுக்கு இந்தத் தேய்வு புதிதல்ல. டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் என்ற தொடுமுனை பொறிபட்டுப் பொறிபட்டுக் குழி விழும், அதை எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்வார்கள். அந்தக் குழியைத் தடுக்க வழி தேடித்தான் சோவியத் ஒன்றியத்தின் லசரென்கோ தம்பதியர் தங்ஸ்ரன் தொடுமுனைகளை ஆராய்ந்தார்கள். தடுப்பதைவிட அதைக் கொண்டே உலோகத்தை வெட்டலாம் என்று 1943இல் அவர்கள் கண்டதுதான் இந்தத் தொழிலின் பிறப்பு. வயரைக் கொண்டு வெட்டும் இயந்திரங்கள் 1960களில் வந்தன.

தொடாமல் வெட்டுவதால் தள்ளுவிசை கிட்டத்தட்ட இல்லை, உருக்கு எவ்வளவு கடினம் என்பதும் பொருட்டில்லை. துல்லியத்தின் வேர் இதுதான். அப்படியானால் அந்தத் துல்லியத்தைக் கெடுப்பது வேலையைத் தொடுகின்ற மற்றவை: கிளாம்ப், தண்ணீர், வெப்பம். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் அடக்கும் வேலைதான். பொத்தானை அழுத்துவது கடைசியில் வரும் சின்னக் காரியம்.

படி 1: வரைபடம்

மாங்காயைக் கணினியில் டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபடக் கோப்பாக வரையுங்கள். கோடு எங்கும் விடுபடாமல் மூடிய வளைவாக இருக்கட்டும். மாங்காயின் கூர்முனையைத்தான் கவனிக்கவேண்டும். வயர் வட்டமானது, அதன் ஆரை 0.125 மி.மீ., பொறியின் இடைவெளி வேறு. இதைவிடக் கூரான உள்மூலையை வயரால் வெட்டமுடியாது. வரைபடத்தில் கூராக விட்டால் டையில் முனை மழுங்கும், பன்ச்சில் கூராகவே நிற்கும், இரண்டும் பொருந்தா. ஆகவே முனைக்கு 0.3 மி.மீ. ஆரை கொடுத்துவிடுங்கள். கண்ணுக்கு அது கூராகவே தெரியும்.

வெட்டி விழும் தகட்டின் அளவு டையின் அளவு. வரைபடத்தை டைக்கே வரையுங்கள். பன்ச்சுக்கு வேறு படம் வேண்டாம், அதை படி 6இல் ஒவ்செற் (வயரைக் கோட்டிலிருந்து தள்ளி ஓடவிடும் அளவு) பார்த்துக்கொள்ளும்.

படி 2: உருக்கு

டி2 என்ற கருவி உருக்கு, டைக்கு 20 மி.மீ. தடிப்பில் ஒரு தகடு, பன்ச்சுக்கு வேறொரு கட்டை. கடினமாக்கும் முன்பே 3 மி.மீ. தொடக்கத் துளையைத் துளைத்துவிடுங்கள். கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை ஏறிய பிறகு துளைக்கும் சாதாரண அலகு அதில் இறங்காது. டையில் துளை மாங்காய்க்கு உள்ளே வரும், பன்ச்சில் மாங்காய்க்கு வெளியே.

பன்ச் கட்டையின் ஓரத்திலிருந்தே வெட்டி உள்ளே நுழைந்தால் துளையே தேவையில்லையே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கடினமாக்கிய உருக்குக்குள் இழுவிசை தேங்கியிருக்கிறது. ஓரத்தைத் திறந்தால் கட்டை மெல்ல விரியும் அல்லது மூடும், பன்ச்சின் வடிவமும் அதோடு போகும். கட்டையின் சட்டம் உடையாமல், ஓரத்துக்கு உள்ளே துளையிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு.

கடினமாக்கும் சூட்டுக்குப் பின் இரு முகங்களையும் கிரைண்டிங் செய்து சமப்படுத்துங்கள். துளைக்குள் ஒட்டியிருக்கும் கரிய செதிலை எமரித் தாளைச் சுருட்டி விட்டுத் தேய்த்து, உலோகம் மின்னும்வரை எடுங்கள். செதில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அது இருந்தால் துளையின் மையம் பிழையாக வரும், தொடக்கத்திலேயே வயரும் அறும்.

படி 3: தண்ணீர்

மற்ற ஊர்ப் பாடங்கள் இரண்டு வரியில் கடந்துபோகும் படி இது. யாழ்ப்பாணத்தில் அப்படிக் கடக்கமுடியாது. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நாம் அள்ளுவது அந்தக் கல்லில் ஊறிய தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே அதில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரியும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

வயர் கட்டுக்குத் தேவையான தண்ணீரின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 5 முதல் 20 மைக்கிரோசீமன்ஸ். நம் கிணறுகள் பலவற்றில் அது ஆயிரத்தைத் தாண்டும். அப்படியான தண்ணீரில் மின்சாரம் பொறியாகப் பாயாமல் தண்ணீரின் வழியே கசிந்துபோகும், இடைவெளி ஒரு நிலையில் நிற்காது, உருக்கும் துருப்பிடிக்கும். இயந்திரத்தில் அயன்களை உறிஞ்சும் பிசின் உருளை உண்டுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றினால் அந்த விலையுயர்ந்த பிசின் மிக விரைவில் களைத்துவிடும்.

தண்ணீரை முதலில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு வழியே எடுத்து, பிறகு பிசினுக்குக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், கூரை நன்றாகக் கழுவுண்ட பின் பிடிக்கும் தண்ணீரும் நல்லது; அதில் சுண்ணாம்பு இல்லை. எதுவானாலும் தொட்டியில் விடுமுன் கையடக்க மீற்றரால் அளந்து பாருங்கள்.

படி 4: வெப்பம்

உருக்கு 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பாகை சூட்டில் 0.0012 மி.மீ. அளவில் நீளும். அளவீட்டுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை. நம் பட்டறையில் மத்தியானம் 31. இந்தப் 11 பாகையில் 100 மி.மீ. தகடு 0.013 மி.மீ. வளர்ந்துவிடும். மாங்காய் சிறியது, அதன் பங்கு குறைவு. ஆனால் டைத் தகட்டில், அதை இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் ஆணிகளுக்கான துளைகள் 100 மி.மீ. தள்ளி இருந்தால், நீங்கள் நம்பியிருந்த 0.005 அங்கேயே கரைந்துபோகும்.

தகரக் கூரையின் கீழோ, பின்னேர வெயில் சுவரில் அடிக்கும் மேற்குப் பக்க அறையிலோ இந்த இயந்திரத்தை வைக்கவேண்டாம். குளிரூட்டிய அறை வேண்டும். அறையை 20க்குக் கொண்டுவர வசதியில்லாவிட்டால், 25இல் அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவியையும் 25க்கே வையுங்கள். ஒரு வெப்பநிலையில் மாறாமல் நிற்பது, 20ஐ எட்ட முயன்று ஏறி இறங்குவதைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து. தகட்டைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு மணித்தியாலம் ஊறவிட்ட பின் வெட்டத் தொடங்குங்கள்.

படி 5: பொருத்துதல்

தகட்டை மேசையில் வைத்து, டயல் மானியை மேல்முகத்திலும் ஓரத்திலும் ஓட்டி நேராக்குங்கள். வெட்டும்போது தள்ளுவிசை இல்லாததால் கிளாம்பை இறுக்கித் திருகத் தேவையில்லை. இறுக்கினால் தகடு வளையும், கழற்றியதும் வெட்டிய வடிவம் கோணும். அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். கிளாம்பின் தலை, தண்ணீர் பீச்சும் நொசிலின் பாதையில் வராமல் பாருங்கள். மேல் நொசிலும் கீழ் நொசிலும் தகட்டிலிருந்து 0.1 மி.மீ. தூரத்தில் நிற்கட்டும். கூடினால் தண்ணீரின் அழுத்தம் வெட்டுக்குள் போகாமல் பக்கத்தால் சிதறும், துகள் தங்கும், வயர் அறும்.

இனி வயரின் நிமிர்வு. சீராக்கும் கட்டையை வைத்து, மிகக் குறைந்த மின்சக்தியில் வயரை அதன் முகத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். குனிந்து, கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நீலப் பொறிகள் கட்டையின் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நிற்கவேண்டும். மேலே மட்டும் மினுங்கினால் வயரின் மேல் பக்கம் கட்டையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வயரின் மேல் முனையை நகர்த்தும் யூ, வீ அச்சுகளைத் திருத்தி மறுபடி பாருங்கள். இரண்டு திசைகளிலும் செய்யவேண்டும். பொறி ஓடும்போது வயரையோ வேலையையோ கையால் தொடக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

படி 6: ஒவ்செற்

வயரின் மையம் வரைபடக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடவேண்டும் என்பதே ஒவ்செற். மூன்று சுற்று வெட்டுவோம். முதல் சுற்று வேகமானது, சற்று உலோகத்தை மிச்சம் விடும். அடுத்த இரண்டும் குறைந்த சக்தியில் முகத்தைச் சீவும். முதல் வெட்டில் உருகி மீண்டும் உறைந்த படலத்தையும் அவை எடுத்துவிடும். உதாரணத்துக்கு டைக்கு 0.190, 0.145, 0.135 மி.மீ. என்று வைப்போம். சரியான எண்கள் உங்கள் இயந்திரத்தின் அட்டவணையில், உருக்கின் தடிப்புக்கு நேரே இருக்கும்.

பன்ச்சுக்கு அதே படத்தில் வயரை வெளிப்பக்கம் ஓடவிட்டு, மூன்று எண்களிலிருந்தும் 0.025ஐக் கழியுங்கள்: 0.165, 0.120, 0.110. நமக்கு வேண்டிய இடைவெளி தானாகவே வந்துவிடும். டைக்கும் பன்ச்சுக்கும் ஒரே கோடு தாயாக இருப்பதால்தான் வளைவு முழுவதும் அவை ஒன்றையொன்று பிசகாமல் பின்பற்றுகின்றன. திசைக்கு ஏற்ப, வயரைக் கோட்டின் இடப்பக்கம் தள்ளும் ஜி41 கட்டளையை அல்லது வலப்பக்கம் தள்ளும் ஜி42 கட்டளையைக் கொடுங்கள். இதை மாற்றிக் கொடுத்தால் வயர் கோட்டின் மறுபக்கம் ஓடும், வேலை குப்பைக்குத்தான். திரையில் வயரின் பாதையை ஓட்டிப் பார்க்காமல் தொடங்கவேண்டாம்.

அட்டவணையை அப்படியே நம்பாமல், அதே தடிப்புள்ள வீண் துண்டில் 10 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றை வெட்டுங்கள். மைக்கிரோமீற்றர் 10.008 காட்டினால் பக்கத்துக்கு 0.004 கூடியிருக்கிறது, மூன்று ஒவ்செற்றிலும் 0.004ஐக் குறையுங்கள். வெட்டிய முகத்தின் அதே வழவழப்பில், அதே தண்ணீரில், அதே வயரில் வந்த எண் இது. ஆகவே டைக்கான சுற்றுகளும் இதே அளவால் மாறும்.

படி 7: வெட்டு

வயரைத் தொடக்கத் துளைக்குள் கோத்து, மையம் காணும் கட்டளையை ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை ஓட்டி ஒரே எண் வந்தால்தான் துளை சுத்தம்.

மாங்காயின் சுற்றளவு 70 மி.மீ., தடிப்பு 20: வெட்டவேண்டியது 1400 சதுர மி.மீ. நிமிடத்துக்கு 100 சதுர மி.மீ. என்று எடுத்தால் முதல் சுற்று 14 நிமிடம். முனையில் வேகத்தைக் குறைக்க விடுங்கள். பொறிகளின் தள்ளலாலும் தண்ணீரின் அழுத்தத்தாலும் வயர் நடுவில் பின்னோக்கி வளைந்து ஓடுகிறது. வேகமாகத் திரும்பினால் மூலையை உள்ளால் வெட்டிவிடும்.

இங்கே டையும் பன்ச்சும் வழி பிரிகின்றன. டையில் நடுத்துண்டு கழிவு. சுற்று முடிய 3 மி.மீ. இருக்கும்போது எம்01 கட்டளையால் இயந்திரத்தை நிறுத்தி, துண்டைக் காந்தத்தால் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி, துண்டை எடுத்த பின் முழு வளைவையும் சீவுங்கள். பிடிக்காமல் விட்டால் துண்டு சரிந்து வயரை அறுக்கும், கீழ் நொசிலையும் உடைக்கும். பன்ச்சில் நடுத்துண்டே பொருள். அதை, வெட்டாமல் விட்ட 3 மி.மீ. பாலத்தில் தொங்கவிட்டபடியே மற்ற வளைவைச் சீவி முடித்து, கடைசியில் பாலத்தை வெட்டி, அந்த இடத்தை மட்டும் தனியே சீவவேண்டும். பாலம் மாங்காயின் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும், முனையில் வேண்டாம்.

மின்சாரம் நின்றால்? 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இயந்திரம் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். ஆனால் சில்லர் நின்ற நேரத்தில் தண்ணீர் சூடாகியிருக்கும். முதல் சுற்றானால் தொடரலாம். சீவும் சுற்றானால் தண்ணீர் பழைய வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள்.

படி 8: அளத்தல், முதல் தகடு

வேலையைத் துடைத்து எண்ணெய் பூசி, மைக்கிரோமீற்றரையும் அதே மேசையில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளந்தால், இரண்டும் உருக்கு என்பதால் விரிவு பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பன்ச்சை உள்ளங்கையில் பொத்திவைத்துவிட்டு அளக்கவேண்டாம்.

பன்ச்சை டைக்குள் கையால் இறக்கிப் பாருங்கள். உரசாமல் இறங்கவேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் சுற்றிவர ஒரே தடிப்பில் ஒளிக்கோடு தெரியவேண்டும். பிறகு இரண்டையும் நேராகத் தாங்கும் டை செற்றில் பூட்டி முதல் பித்தளைத் தகட்டை வெட்டி, விழுந்த மாங்காயின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். பிசிறு சுற்றிவர ஒரே அளவாக இருந்தால் பன்ச் நடுவில்தான் நிற்கிறது, அளவு கூடியிருந்தால் மட்டும் ஒவ்செற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நகம் மாட்டினால் வெட்டில் பிழையில்லை, பன்ச் ஒரு பக்கம் நகர்ந்து பூட்டுப்பட்டிருக்கிறது. திருகாணிகளைத் தளர்த்தி, நான்கு பக்கமும் 0.025 மி.மீ. தாள்தகடு வைத்து நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்குங்கள்.