ராமேஸ்வரம் தீவை அரைநாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி? தனி வண்டி எடுப்பவர்களுக்கான செய்முறை

ராமேஸ்வரத்தில் இறங்கியதுமே, "தனுஷ்கோடி போலாமா? லோக்கல் பாயிண்ட் எல்லாம் காட்டிடுறேன்" என்று ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த இடத்தை எப்போது பார்ப்பது என்ற வரிசையை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். தூரத்தில் இருப்பதை விடியற்காலையில் முடித்துவிட்டு, ஊருக்கு அருகில் இருப்பவற்றுக்குப் பிறகு வர வேண்டும். கோயில் முடித்து, டிபன் சாப்பிட்டு, பக்கத்து இடங்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தனுஷ்கோடிக்குப் போனால், நிழலே இல்லாத மணலில் உச்சி வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். பத்தே நிமிடத்தில் குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் வண்டியைவிட்டு இறங்க மாட்டார்கள். தீவின் மிக முக்கியமான இடம் அத்தோடு போய்விடும்.

படி 1: கோயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

அரைநாள் சுற்றில் ராமநாதசுவாமி கோயிலை நுழைக்க வேண்டாம். 22 தீர்த்தம் ஆடுவது, ஈரத்துணி மாற்றுவது, தரிசன வரிசை எல்லாம் சேர்ந்தால் அதுவே ஒரு முழு வேலை. ஈர உடையோடு கருவறைப் பக்கம் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கட்டாயம் வேண்டும். பிற்பகல் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். முதல் நாள் மாலையில் தரிசனம், மறுநாள் விடியலில் தீவுச் சுற்று என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே நிம்மதியாக நடக்கும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் ஊருக்குள் வண்டி நகராது. ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை மிக நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கு முன்பே தனுஷ்கோடியை முடித்தாக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும், மணல் சாலையில் ஏறி நிற்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயல் சின்னமும் வரும். எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் தனுஷ்கோடிப் பாதையை அடைத்துவிடுவார்கள், எந்த ஓட்டுநராலும் ஒன்றும் செய்ய முடியாது.

படி 2: ஆட்டோவா, காரா?

மூன்று பேர் வரை ஆட்டோ போதும். அரசு அனுமதியும் அவ்வளவு பேருக்குத்தான். நான்கு பேரை ஏற்றிக்கொள்கிறேன் என்பார்கள், சோதனைச் சாவடியில் சிக்கினால் தாமதம் உங்களுக்கு. பெரியவர்கள், கைக்குழந்தை இருந்தால் கார்தான் சரி. கச்சான் காற்று மாதங்களில் ஆட்டோவில் போனால் பக்கவாட்டில் மணல் வந்து முகத்தில் அறையும். அப்போதும் காரே நல்லது.

எதுவானாலும் மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டியாக இருக்கட்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது அனுமதிக்குப் புறம்பானது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும். டயரை ஒரு முறை பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் பஞ்சர் ஒட்ட ஆள் கிடையாது, பெட்ரோல் பங்க்கும் கிடையாது.

படி 3: ரேட் பேசும் முறை

எத்தனை பாயிண்ட் என்று பேசாதீர்கள். கோயில், தீர்த்தம், சிலை என்று சாலையோரம் இருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பாயிண்ட் என்று எண்ணினால் பன்னிரண்டு கூட ஆகிவிடும். இடத்தின் பெயர், நேரம், கிலோமீட்டர் ஆகிய மூன்றையும் வைத்துப் பேசுங்கள். ஊரிலிருந்து தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை சுமார் 20 கி.மீ. போக வர 40. கோதண்டராமர் கோயில், ராமர் பாதம், பேக்கரும்பு (கலாம் நினைவிடம்), தங்கச்சிமடம் (வில்லூண்டி தீர்த்தம்) எல்லாம் சேர்த்து 55 முதல் 60. பாம்பன் பாலம் வரை போனால் 70 கி.மீ. தாண்டும்.

முதல் நாள் மாலையே இரண்டு மூன்று ஸ்டாண்டுகளில் விசாரித்துவிட்டு, இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, காலையில அஞ்சே முக்காலுக்குக் கிளம்பணும். முதல்ல அரிச்சல்முனை, அப்புறம் பழைய தனுஷ்கோடி, கோதண்டராமர் கோயில், ராமர் பாதம், கலாம் நினைவிடம், வில்லூண்டி. பன்னிரண்டரைக்குள்ள திரும்பிடலாம். வெயிட்டிங், பார்க்கிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு? சங்குக் கடைக்குப் போக வேண்டாம்."

கடைசி வாக்கியம் முக்கியம். சில கடைகளில் ஆள் கொண்டுவந்தால் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு, அதில் முக்கால் மணி நேரம் கரையும். முன்பே மரியாதையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வார்கள். எரிபொருளுக்கு என்று கொஞ்சம் முன்பணம் கேட்பது வழக்கம், கொடுக்கலாம். மீதியைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டுநரின் போன் எண்ணை வீட்டில் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள்.

படி 4: இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தொப்பி, கண்ணாடி. சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு (ஷூ போட்டால் மணல் நிறைந்து நாள் முழுக்க உறுத்தும்). பிஸ்கட், வாழைப்பழம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் நிச்சயம் வேண்டும், ஏனென்றால் தனுஷ்கோடியில் சிக்னல் விட்டு விட்டு வரும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் சர்வதேச ரோமிங்கை அணைத்து வையுங்கள். அரிச்சல்முனையில் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். கழிப்பறைத் தேவையை அறையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

படி 5: அரிச்சல்முனை, காலை 6.30 முதல் 7.15 வரை

சோதனைச் சாவடியில் காலை 6 மணிக்குத்தான் விடுவார்கள். மாலையில் 5 மணியோடு பொதுவாக உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். இதனால் "அரிச்சல்முனையில் சூரிய உதயம்" என்பது எல்லா மாதமும் நடக்காது. ஜனவரி, பிப்ரவரியில் உதயம் ஆறரையைத் தாண்டி என்பதால் எட்டிப் பிடிக்கலாம். ஜூனில் சூரியன் ஆறுக்கு முன்பே எழுந்துவிடும். அந்த மாதங்களில் உதயம் காட்டுகிறேன் என்று ஓட்டுநர் சொன்னால், வழியில் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கடல் நெருங்கி வரும். இந்த 9.5 கி.மீ. சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஜீப், வேன்களில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சாலை முடியும் இடத்தில் சிங்க முகத் தூண் நிற்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதனால் இறங்கும்போதே, "தூண்கிட்ட ஏழேகாலுக்கு வந்துடுறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

தூணில் நின்று இலங்கை இருக்கும் திசையைப் பார்த்தால், வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. இங்குள்ள மீனவர்கள் முன்னதை ஆண் கடல் என்றும் பின்னதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அலையடித்துக்கொண்டிருக்க, நூறு அடி தள்ளி மற்றொன்று குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று மாதங்களில் இது மாறிவிடும், பெண் கடல் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கும். அமைதியாக இருக்கிறதே என்று இறங்க மட்டும் கூடாது. இரண்டு நீரோட்டங்களும் முனையில் மோதுவதால் காலடி மணல் அரித்துக்கொண்டே இருக்கும், ஓரடி தள்ளி ஆழம் திடீரென்று கூடும், இழுப்பு பலமாக இருக்கும். பாதம் நனையும் அளவுக்கு நில்லுங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

இலங்கை தெரிகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். தலைமன்னார் ஏறக்குறைய 30 கி.மீ. அப்பால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ராமர் பாலத்தின் மணல் திட்டுகள்தான்.

படி 6: பழைய தனுஷ்கோடி, காலை 7.25 முதல் 8.15 வரை

அவசரம் வேண்டாம். இந்தச் சுற்றில் வேறு எங்கே நேரத்தைக் குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள்.

இது ஒரு துறைமுக ஊர். 1914 முதல் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் இங்கே ரயிலை விட்டு இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறு ரயிலில் கொழும்பு போனார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம், பள்ளி எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டிப் புயலும் கடல் அலையும் சேர்ந்து ஊரையே எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நிலையத்தை அடையும் முன்பே அலையில் மூழ்கியது, அதில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. பிறகு இது வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

முதலில் தேவாலயம், அடுத்து ரயில் நிலையப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டித் தூண்கள் என்று நடந்து போங்கள். தேவாலயச் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். செங்கல் குறைவு, பெரும்பாலும் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்தான். கல்லில் வட்டம் வட்டமாக, வளைவு வளைவாகத் தெரிவது பவள உயிர்கள் கட்டிய கூட்டின் தடம். உப்புக்காற்று சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருப்பதால் கல் தளர்ந்து நிற்கிறது. படத்துக்காகச் சுவரில் ஏறுவது, சன்னலில் உட்காருவது, பெயர் கீறுவது எதுவும் வேண்டாம். இவ்வளவு பேர் உயிரிழந்த இடம், மிச்சமிருக்கும் சாட்சியும் இதுதான்.

ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வசிக்கின்றன. கையால் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் கிடைக்கும் ஊற்று அது. கேட்டால் காட்டுவார்கள். கேட்காமல் வீட்டுப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

கடைகளில் மீன் வறுத்துத் தருவார்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கும் மீனைக் காட்டி வறுக்கச் சொல்லுங்கள், விலையை முன்பே கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையும் கூடும். சங்கு, சோழி வாங்கும் ஆசை வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பவளப்பாறைத் துண்டும், சில சங்கு வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. கடையில் விற்றாலும் பையில் வைத்திருப்பவர்தான் மாட்டுவார். கரையில் பொறுக்கிய பவளத்துக்கும் இதே கதிதான்.

படி 7: திரும்பும் வழி

கோதண்டராமர் கோயிலுக்குப் பிரதான சாலையிலிருந்து நீர்ப்பரப்பின் நடுவே ஒரு கிளைச்சாலை போகும். விபீஷணன் பட்டாபிஷேகத் தலம், 1964 புயலிலும் நின்றது. கால் மணி நேரம் போதும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால், கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீரில் பூநாரைகள் மேய்வதைப் பார்க்கலாம். இறங்கி ஓடிக் கிட்டப் போகாதீர்கள், கூட்டமாக எழுந்து போய்விடும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளிருந்தே பாருங்கள்.

ஒன்பது, ஒன்பதேகாலுக்கு ஊருக்குள் வந்து டிபன். ஓட்டுநரையும் சாப்பிட அழையுங்கள், அவரும் அஞ்சு மணிக்கு எழுந்தவர்.

பிறகு ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம். தீவிலேயே உயரமான இடம் என்பதால் மேல் மாடியிலிருந்து ஊரும் கோபுரமும் கடலும் ஒரே பார்வையில் விழும். குரங்குகள் உண்டு, கையில் பையைத் தொங்கவிடாதீர்கள். அடுத்து பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். 2015இல் அவரை அடக்கம் செய்த இடத்தில் கட்டி 2017 ஜூலை 27 அன்று திறந்தார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. காலை 9 மணிக்கு முன் போனால் வாசலில் நிற்க நேரும். வரிசையில் இதை பிற்பாடு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அரை மணி நேரம் வையுங்கள்.

தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. சின்னப் பாலத்தில் நடந்து போய்ப் பார்க்கலாம், பத்து நிமிடம். நேரம் போதவில்லை என்றால் முதலில் கைவிட வேண்டியது இதுதான்.

பாம்பன் போக வேண்டுமா?

ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தவர்கள் ஏற்கெனவே பாலத்தைக் கடந்துதான் வந்திருப்பீர்கள், தனியாகப் போக வேண்டாம். அன்றே ஊர் திரும்புகிறவர்களாக இருந்தால் வேறு வழி இருக்கிறது: அறையைக் காலையிலேயே காலி செய்து, பெட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு, வில்லூண்டிக்குப் பிறகு நேரே பாம்பன் வழியாக மண்டபம் பக்கம் இறங்கிவிடுங்கள். திரும்பி வரும் 12 கி.மீ. மிச்சம்.

1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அருகிலேயே புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகள்போல் பிரிந்து தூக்கிக்கொண்டது. ரயில் பாலத்தைப் பார்க்க 1988இல் திறந்த சாலைப் பாலத்தில்தான் எல்லோரும் வண்டியை நிறுத்துகிறார்கள். நடுப்பாலத்தில் நிறுத்தினால் நெரிசல், போலீஸ் விரட்டும், காற்றில் கார்க் கதவைத் திறப்பதும் ஆபத்து. பாலம் தொடங்கும் இடத்துக்கு முன்பே ஓரமாக நிறுத்தச் சொல்லி, நடைபாதையில் சிறிது தூரம் நடந்து போய்ப் பாருங்கள். கதவைத் திறக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறங்கள்.