மீட்டரில் சந்தேகமா? சிமிட்டலை எண்ணிப் பாருங்கள்

வீட்டில் மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் 6 நிமிடம் எரியவிட்டு, மின்னணு மீட்டரின் சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என எண்ணுங்கள். இந்த நேரத்தில் செலவாவது ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு என்பதால், முகப்பில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிடப்பட்டிருந்தால் சுமார் 32 சிமிட்டல்கள் வர வேண்டும். 50, 60 என்று ஏறினால் மீட்டரைச் சோதிக்கக் கோரி மின்வாரியத்துக்கு எழுதலாம். மெயினை அணைத்தும் சிமிட்டல் தொடர்ந்தால் பல்பே தேவையில்லை, மெயினுக்கு முன்பே யாரேனும் இணைப்பு எடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் நான்கைந்து சிமிட்டல்கள் கூடுவதும் குறைவதும் இயல்பே. தானாக அணைந்து எரியும் இஸ்திரிப் பெட்டியை வைத்து இக்கணக்கைப் போட முடியாது. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போதும் இது பொருந்தாது.