ஜார்ஜ்டவுனில் பழைய கட்டடத்தைச் சமூகக் கூடமாக்க: பெயிண்ட் கடைசி வேலை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்று உங்கள் குழுவின் கைக்கு வந்தால், உடனே பெயிண்ட் வாளியைத் தூக்காதீர்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம் இது. கட்டடம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று மாநகர் மன்றத்தில் முதலில் கேளுங்கள். அலுவலகத்தைக் கூடமாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். தீயணைப்புத் துறையான பொம்பாவின் ஒப்புதல் தனி.

அடுத்தது சுவர். பாதிப் பணம் இங்கேதான் வீணாகும். அந்தக் காலச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் மேலேறி, சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகிப் போகும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வழியில்லாமல் இன்னும் உயரே ஏறும்; உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். விரலால் சுரண்டினால் சிவப்புத் தூள் கொட்டுகிறதா? ஈரக்கறைக்கு மேல் அரை மீட்டர் வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். பிறகு காயவிடுங்கள்; ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்ட குழுக்கள் இங்கேதான் அவசரப்படும்.

காய்ந்த சுவருக்குப் புதுக் காரை: புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் ஆகாது, அதிலேயே உப்பு இருக்கிறது. சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, ஈரச் சாக்கால் சில நாள் மூடிவையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். மேலே சுண்ணாம்பு நீர் நான்கைந்து மெல்லிய பூச்சு. பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

மாடியைப் பொறியாளரிடம் காட்டாமல் ஆள் ஏற்றாதீர்கள். அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ கணக்கு. நாற்காலி பொருத்தாத கூட்ட அறைக்கு 500. மர உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் கரையானும் உளுப்பும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பரதநாட்டிய வகுப்பு கட்டாயம் கீழ்த்தளத்தில். இருபது பிள்ளைகள் ஒரே தாளத்தில் தட்டினால் பழைய பலகைத் தளம் அதிரும். டியூஷன் மாடியில் நடக்கலாம்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு 1:12. வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் தேவை. அதைக் கட்டடத்தின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நீட்ட முடியாது, பக்க வாசலைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டும் என்றும் இல்லை. ஜார்ஜ்டவுனில் பழைய பஸ் பணிமனையான ஹின் பஸ் டிப்போவில் கூரை போன பகுதியைத் திறந்தவெளியாகவே விட்டுவிட்டார்கள். இன்று அங்கே சந்தை கூடுகிறது.