இளையோர் நாவலில் நாயகியையும் காதலனையும் வாசகருக்குப் பிடிக்க வைப்பது எப்படி?

முதல்முறை எழுதுபவர்கள் நாயகியின் கண்ணையும் கூந்தலையும் வர்ணித்தே அரைப்பக்கம் தீர்த்துவிடுகிறார்கள். அதை விடுங்கள். சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலின் முதல் அத்தியாயங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். பிரித்துப் பார்க்கத் தோதான நாவல்.

படி 1: காதலன் வருமுன் அவளுக்கு ஒரு தேவை

ஒரு வரி எழுதுங்கள்: “அவளுக்கு ____ வேண்டும், கிடைக்காவிட்டால் ____.” கோடிட்ட இடத்தில் காதலன் பெயர் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாயகி, 16 வயது காட்னிஸ் வேலி தாண்டி வேட்டைக்குப் போவது வீட்டில் அடுப்பு எரிய.

படி 2: வலிக்கிற குறை ஒன்று

தங்கை தூக்கிவந்த பூனைக்குட்டியை வாளித் தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்த்தவள் காட்னிஸ். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். ஆனாலும் நமக்கு அவள்மேல் வெறுப்பு வருவதில்லை: இன்னொரு வயிற்றுக்குப் போட அவளிடம் எதுவும் இல்லை, தங்கை அழுததும் விட்டும்விடுகிறாள். “அடிக்கடி கால் தடுக்கி விழுவாள்” என்பதெல்லாம் குறையில் சேராது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லையே!

படி 3: காதலன் எதையாவது இழக்கட்டும்

பலரும் சறுக்குவது இங்கேதான். “அவன் ரொம்ப நல்லவன்” என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பட்டினியோடு மழையில் கிடக்கிறாள் சிறுமி காட்னிஸ். ரொட்டிக்கடைப் பையன் பீட்டா, கருகிய ரொட்டிகளோடு வெளியே வருகிறான். கன்னத்தில் அம்மா அடித்த தடம். அவளை ஏறிட்டும் பாராமல் இரண்டு ரொட்டிகளை அவள் பக்கம் வீசிவிட்டுப் போகிறான். வேண்டுமென்றே கருகவிட்டிருப்பானோ என்று அவளுக்கு மறுநாள்தான் உறைக்கிறது. அந்தத் தாமதம்தான் காட்சியின் உயிர். உடனே நன்றி சொல்லியிருந்தால் கணக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

உங்கள் காட்சிக்கு மூன்று கேள்விகள்: என்ன செய்தான்? எதை இழந்தான்? பதிலுக்கு ஏதாவது கேட்டானா? மூன்றாவதற்கு “ஆமாம்” என்றால் திருப்பி எழுதுங்கள்.

படி 4: முக்கோணக் காதல் தேவைதானா?

இரண்டு பையன்களின் வசனங்களிலும் பெயரை மறைத்துப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையென்றால் ஒருவன் போதும்.

படி 5: ‘முடியாது’ சோதனை

பின்தொடர்வது, யாரோடு பேசினாய் என்று குடைவது இதெல்லாம் காதலாக எழுதப்படுவது பழைய வியாதி. கண்டுபிடிக்க ஒரு பக்கம் போதும்: அவள் “முடியாது” என்று சொல்லும் காட்சியை எழுதிப் பாருங்கள். மறுபக்கத்தில் அவன் அவளைத் தண்டித்தால், நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது வில்லனை.