விண்டோவ இழுத்தா மினுக்கு மினுக்குனு அடிக்குதா? இத பாருங்க

வின்32-ல (விண்டோஸோட ப்ரோக்ராமிங் இன்டர்ஃபேஸ்) சி மொழி வெச்சு ப்ரோக்ராம் எழுதுறவங்க எல்லாரும் ஒரு நாள் இதுல மாட்டுவாங்க. விண்டோ ஓரத்த புடிச்சு இழுத்தா உள்ள இருக்கறதெல்லாம் ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி மினுக்கும். மெஷின்தான் ஸ்லோன்னு நெனச்சு நான் ரெண்டு நாள் படம் வரையற ப்ரோக்ராம் வரிகள நோண்டிட்டு கெடந்தேன், தப்பு அங்க இல்லவே இல்ல.

விண்டோவ வரையச் சொல்லி விண்டோஸ் அனுப்பற பெயின்ட் மெசேஜ்ல (WM_PAINT) நீங்க பிகின்பெயின்ட் (BeginPaint) ஃபங்ஷன கூப்பிட்டதும், பேக்ரவுண்ட அழிக்கணும்னா எரேஸ் பேக்ரவுண்ட் மெசேஜ் (WM_ERASEBKGND) ஒண்ணு வரும், அத நீங்க கண்டுக்கலன்னா நீங்க கண்டுக்காத மெசேஜ பாத்துக்கற டெஃப்விண்டோப்ராக் (DefWindowProc), விண்டோவ பதிவு பண்றப்ப உங்க விண்டோ கிளாஸ்ல குடுத்த பேக்ரவுண்ட் பிரஷ்ஷ எடுத்து வெள்ளையடிச்சிடும், அதுக்கு மேலதான் உங்க படம் வரும். வெள்ளை, படம், வெள்ளை, படம். அதான் மினுக்கல்.

அதனால அந்த மெசேஜுக்கு 1 ரிட்டர்ன் பண்ணிடுங்க. "பேக்ரவுண்ட நான் பாத்துக்கறேன், நீ கை வைக்காத"ன்னு அர்த்தம். சொன்னா செய்யணும், ஒரு மூலைய வரையாம விட்டாலும் பழைய குப்பை அங்கயே நிக்கும். அதுக்கு டபுள் பஃபரிங்தான் வழி, அதாவது மொதல்ல மெமரில வரைஞ்சிட்டு அப்புறம் மொத்தமா ஸ்கிரீனுக்கு மாத்தறது: கிரியேட்கம்பேட்டிபிள்டிசி போட்டு மெமரி டிசி (டிசின்னா டிவைஸ் கான்டெக்ஸ்ட், வரையறதுக்கான இடம்) ஒண்ணு, கிரியேட்கம்பேட்டிபிள்பிட்மேப் போட்டு பிட்மேப் ஒண்ணு, செலக்ட்ஆப்ஜெக்ட் பண்ணி பேக்ரவுண்ட்லேர்ந்து எழுத்து வரைக்கும் எல்லாத்தையும் அதுல வரைஞ்சிட்டு கடைசியா அத ஸ்கிரீனுக்கு காப்பி பண்ண ஒரே ஒரு பிட்பிளிட் (BitBlt).

இங்க ஒரு குழி இருக்கு. பிட்மேப் உண்டாக்கும்போது மெமரி டிசிய குடுக்காதீங்க, பிகின்பெயின்ட் தந்த ஸ்கிரீன் டிசிய குடுங்க. புது மெமரி டிசிக்குள்ள இருக்கறது 1×1 மோனோகுரோம் பிட்மேப், அத குடுத்தா உங்க கலர் படம் பூரா கருப்பு வெள்ளையா வந்து நிக்கும்.

முடிச்சதும் பழைய பிட்மேப்ப திரும்ப செலக்ட் பண்ணிட்டு டெலிட்ஆப்ஜெக்ட், டெலிட்டிசி. மறந்தா ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் ஹேண்டில் (பிட்மேப், டிசி மாதிரி பொருளுக்கு விண்டோஸ் தர்ற அடையாள எண்) லீக் ஆகி, ஒரு ப்ராசஸுக்கு டீஃபால்ட்டா இருக்கற 10,000 ஜிடிஐ (விண்டோஸோட படம் வரையற பகுதி) ஹேண்டில் லிமிட்ட தொட்டதும் விண்டோ பேய் மாதிரி ஆயிடும். டாஸ்க் மேனேஜர்ல ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்ங்கற நெடுவரிசைய ஆன் பண்ணி வெச்சா ஏறுறது கண்ணுக்கு தெரியும்.

பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் எல்லாம் உள்ள இருந்தா விண்டோவுக்கு கிளிப்சில்ட்ரன் (WS_CLIPCHILDREN) ஸ்டைல சேருங்க, இல்லன்னா அதுங்க மேலயும் வரைஞ்சு அதுங்க தனியா மினுக்கும்.

நாலு லேபிள் மட்டும் இருக்கற குட்டி விண்டோவுக்கு இவ்ளோ கூத்து வேண்டாம், கிளாஸ்ல பிரஷ் குடுத்துட்டு போயிட்டே இருங்க.