மடிக்கணினித் திரையில் நிறங்கள் மாறித் தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளைப் பக்கம் மஞ்சளாகவோ, படத்திலுள்ள முகங்கள் பச்சையாகவோ தெரிந்ததும் பலர் முதல் வேலையாக டிரைவரை (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். கோளாறு விண்டோஸுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்க்காமல் அதில் இறங்குவது பெரும்பாலும் வீண் உழைப்பு.

முதல் படியாக, கணினியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கும்போதே எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் திரை என்பதால், அங்கேயும் நிறம் கெட்டிருந்தால் குறை வன்பொருளில்தான். அடுத்த படியைத் தாண்டிச் செல்லலாம்.

பயாஸில் நிறம் சரியாக இருந்தால், இரண்டாம் படியாக அமைப்புகளைப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதியிலுள்ள கலர் ஃபில்டர்ஸையும், டிஸ்ப்ளே பகுதியிலுள்ள நைட் லைட்டையும் அணையுங்கள். கலர் ஃபில்டருக்கான குறுக்குவழி இயக்கத்தில் இருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றும் கைதவறி ஒன்றாக அழுந்தினாலே திரை முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும். பலன் இல்லையெனில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கருத்து மீளும், கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பண்புகளைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் மூலம் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

மூன்றாம் படியில், எச்டிஎம்ஐ வழியாக வேறொரு திரையை இணைத்துப் பாருங்கள். அதிலும் அதே நிறக்கேடு தெரிந்தால் கிராஃபிக்ஸ் சிப்பையே சந்தேகிக்க வேண்டும். அது வீட்டில் சரிசெய்யும் வேலையன்று. வெளித்திரை தெளிவாக இருந்தால், மடிக்கணினியின் பேனலோ (படத்தைக் காட்டும் திரைப்பலகை), கீல் வழியாக அதற்குச் செல்லும் கேபிளோ பழுதாகியிருக்கும் வாய்ப்பே அதிகம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய, வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளை மஞ்சளாகி, சற்று நகர்த்தியதும் தெளிந்தால், கேபிளின் இணைப்பு அந்த வளைவில் அறுபடுகிறது என்று பொருள். மாறாக, எப்படி அசைத்தாலும் இடம் மாறாத செங்குத்துக் கோடு நின்றால் பெரும்பாலும் பேனலில்தான் பழுது.

கேபிளைக் கழற்றி மாட்டுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். பின்னொளிக்கான மின்சாரமும் அதே கேபிளில் செல்வதால், மின்னோட்டம் இருக்கும்போது கழற்றினால் மதர்போர்டிலுள்ள ஃபியூஸ் எரிந்துபோகலாம். பேனலையே மாற்ற நேர்ந்தால், மடிக்கணினியின் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பழைய பேனலின் பின்புறத்தில் ஒட்டியுள்ள எண்ணையும், இணைப்பான் 30 பின் (ஊசிமுனை) கொண்டதா, 40 பின் கொண்டதா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வாங்குங்கள்.